தராசில் நிற்பதை மட்டும் நிறுங்கள்: நலத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக நலத் திட்டங்களுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கும், அந்த விதிகளைச் சட்டமன்றத்தில் பேசி நிறைவேற்றும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நியாயவிலைக் கடையில் 1990 முதல் 2021 வரை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். பொருளாதாரம் படித்தவர்கள் உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு அரசு உத்தரவு கடைசியாக வந்து சேரும் இடம் தராசுத் தட்டுதான். அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் 31 வருஷம் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். புதிதாக ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால் போதும், மறுநாள் காலையில் வாசலில் நாலு பெண்கள் நிற்பார்கள். "அண்ணே, எனக்கு வருமா?" என்பதுதான் கேள்வி. "திட்டம் நல்ல திட்டமா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. திட்டத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே, அதிலிருந்து தாங்கள் கழித்துக் கட்டப்படுவோமோ என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உதவியைக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. வாசலிலேயே நிறுத்தி, "நீ ஏழைதானா? நிரூபி" என்று கேட்டு உள்ளே விடுவது ஒன்று. வாசலைத் திறந்து வைத்து, வேண்டியவர் வரட்டும் என்று விடுவது இன்னொன்று. இரண்டையும் தமிழ்நாடு செய்து பார்த்திருக்கிறது.

1997 ஜூனில் மத்திய அரசு பொது விநியோகத்தை மாற்றியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை. பல மாநிலங்கள் அப்படியே பிரித்தன. தமிழ்நாடு பிரிக்கவில்லை. மத்தியத் தொகுப்பிலிருந்து குறைந்த விலையில் வரும் அரிசி குறைந்தது. அந்தச் சுமையை மாநிலம் தன் கையிலிருந்து தாங்கிக்கொண்டது. அண்டையில் கேரளத்திலும் அதுவரை ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ரேஷன் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிரித்தார்கள். கோட்டுக்கு மேலே வைக்கப்பட்டவர்கள் ரேஷன் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள், அரிசி எடுப்பு சரிந்தது.

பிரித்ததன் பலன் என்ன? திட்டக் குழுவின் மதிப்பீட்டு அமைப்பு 2005இல் ஓர் அறிக்கை கொடுத்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்களில் ஏறத்தாழ 57 சதவீதம்தான் அந்தத் திட்டத்துக்குள் வந்திருந்தன என்றது. ஏழைகளுக்காக மட்டும் என்று பிரித்த திட்டத்தில், நூறு ஏழைக் குடும்பங்களில் நாற்பதுக்கு மேல் வெளியே நின்றிருக்கின்றன. அரிசி கெட்டுப்போனதாலோ லாரி வராததாலோ மட்டும் வந்த குறை இல்லை இது. யார் ஏழை என்று கண்டுபிடிப்பதிலேயே வந்த குறை.

இது வெளி மாநிலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் கொஞ்ச காலம் நடந்தது. 2004க்கு முந்தைய சில ஆண்டுகளில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் அட்டையில் 'எச்' என்று முத்திரை விழுந்தது. எச் விழுந்த அட்டைக்கு அரிசி கிடையாது. விதியைப் படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். வசதி உள்ளவனுக்கு எதற்கு ரேஷன் அரிசி?

எங்கள் கடை வாசலில் நடந்தது வேறு. எங்கள் ஊரில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி இருந்தார். சம்பளச் சீட்டில் 5,000க்கு மேல் சில நூறு ரூபாய் காட்டும். வீட்டில் எட்டுப் பேர், அதில் ஒருவர் படுத்த படுக்கை. அவர் அட்டையில் எச். ரெண்டு தெரு தள்ளி வட்டிக்கு விடுகிறவர் ஒருவர். அவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? அவர் அட்டையில் முத்திரை இல்லை. அந்தத் தொழிலாளியின் மனைவி பையோடு வந்து வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "அக்கா, உங்களுக்கு அரிசி இல்லைக்கா" என்று சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. பின்னால் நின்றவர்களைத்தான் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சில மாதத்தில் ஆலை மூடிவிட்டது. சம்பளம் நின்றது. முத்திரை மட்டும் நிற்கவில்லை, அட்டையிலேயே இருந்தது.

2004இல் அந்த முத்திரை முறையை நீக்கினார்கள்.

வருமானத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் கோளாறு எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நம் நாட்டில் வருமானம் யாருக்குத் தெரிகிறது? காகிதத்தில் கூலி வாங்குகிறவனுக்குத் தெரிகிறது. வட்டிக்காரனுக்கும், தரகு வேலை பார்ப்பவனுக்கும், நாலு வீடு வாடகைக்கு விட்டிருப்பவனுக்கும் தெரிவதில்லை. கொத்தனார் சித்தாளாகப் போகும் பெண்ணுக்குத் தன் வருமானம் என்ன என்று அவளுக்கே தெரியாது. மழை பெய்தால் ஒரு கணக்கு, முகூர்த்த மாதம் என்றால் ஒரு கணக்கு. இப்படி மாதத்துக்கு மாதம் ஆடுகிற ஒன்றை ஒரு நாள் பார்த்து, ஒரு கோடு போட்டு, அஞ்சு வருஷத்துக்கு அதுதான் என்று சொன்னால் எப்படி?

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் மறைக்க மாட்டேன். எல்லாருக்கும் அரிசி கொடுத்ததில் வீணானது உண்டு. வாங்கிப் போய்க் கோழிக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். வீடு வீடாக வந்து கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்கி, மூட்டை கட்டி எல்லை தாண்டிக் கடத்துகிறவர்கள் இன்றைக்கும் பிடிபடுகிறார்கள். அட்டை ஒருவர், எடுப்பவர் இன்னொருவர் என்று நடந்ததும் உண்டு. சில கடைகளில் எடையும் குறைந்தது; என் தொழில் செய்தவர்களின் குற்றம் அது. 2011 ஜூனில் அரிசி விலையில்லாமல் ஆன பிறகு கடத்துகிறவனுக்கு லாபம் கூடியது என்பதும் உண்மை. வீணாகிற அரிசி மக்கள் பணம். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரிதான்.

ஆனால் ஒரு கேள்வி. தகுதியில்லாத ஒருவருக்கு இருபது கிலோ அரிசி போனால் உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது தெரியும். தகுதியுள்ள ஒரு வீட்டுக்கு அரிசி போகாமல் நின்றால் எந்தப் புத்தகத்தில் தெரிகிறது? தணிக்கையில் முதல் தவறுக்கு விளக்கம் கேட்பார்கள். இரண்டாவது தவறுக்கு என்னிடம் ஒருவர்கூட ஒரு நாளும் விளக்கம் கேட்டதில்லை. நான் ஒரு வீட்டுக்கு அரிசி இல்லை என்று சொன்னால் இருப்பில் மிச்சம் நிற்கும், அவ்வளவுதான். இரண்டு தவறையும் ஒரே நோட்டில் எழுதாத வரை எந்தத் திட்டத்தையும் எந்தத் திட்டத்தோடும் ஒப்பிட முடியாது.

சரி, தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே தப்பு என்று சொல்கிறேனா? இல்லை. தேர்ந்தெடுத்து நன்றாக நடந்த ஒன்றை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மதுரை மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்போது எங்கள் திண்டுக்கல்லும் மதுரையோடுதான் சேர்ந்திருந்தது. என் பெரியக்கா அதில் ஊட்டச்சத்துப் பணியாளர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போட வேண்டும். உத்தரத்தில் தொங்கும் தராசில் தொட்டில் மாதிரித் துணியைக் கட்டிக் குழந்தையை உட்கார வைத்துப் பார்ப்பாள். எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். கோடு மேலே ஏறினால் ஒன்றும் கிடையாது. ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் மூன்று மாதத்துக்குச் சத்து உருண்டை. எடை கூடியதும் உருண்டை நிற்கும். மறுபடி சரிந்தால் மறுபடி தருவார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அந்தத் திட்டத்தால் நன்றாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின.

அங்கே யாரும் குழந்தையின் அப்பன் வருமானத்தைக் கேட்கவில்லை. தராசில் நிற்கிற ஒன்றை நிறுத்தார்கள். மாதா மாதம் திருப்பி நிறுத்தார்கள். நிறுத்தவள் அதே தெருக்காரி, தாய் பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்த்தாள். உருண்டை கிடைக்காத குழந்தையின் தாய்க்கும் அதில் குறை இல்லை, "உன் பிள்ளை நல்லா இருக்கான்" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இதே காலத்தில், 1982 ஜூலை 1இல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது நேர் எதிரான வழி. தட்டோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. ஒரே காலம், ஒரே மாநிலம், ஒரே பசி, இரண்டு வழி. இரண்டும் நடந்தன. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத் திண்ணையில் எடை போட்டு, "நீ சாப்பிடு, நீ எழுந்து போ" என்று சொல்ல முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்கம் தெரியும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தெரியாது. எங்கே வெட்கம் வருமோ அங்கே வாசலைத் திறந்துவிட வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இந்த வழியில்தான் வந்தது. அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று வைத்தார்கள். அதை வகுத்தவர்களுக்கு ஒரு பழைய ரேஷன் கடைக்காரனின் நன்றி.

எண்ணிப் பார்க்கக் கூடியது, யாரும் மறுக்க முடியாதது, அடிக்கடி திருப்பிப் பார்க்கக் கூடியது என்றால் அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். குழந்தையின் எடை அப்படிப்பட்டது. வயது அப்படிப்பட்டது. 2025 ஆகஸ்டில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். வயது அட்டையிலேயே இருக்கிறது. எந்தக் கிழவியும் தன் முழங்கால் வலியை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. இது நல்ல தேர்வு.

அதே கிழவி முதியோர் உதவித்தொகைக்குப் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தத் தொகை ஆதரவற்றவர்களுக்கு. ஆதரவு இல்லை என்றால் என்ன? மகன் இருக்கிறானா என்ற கேள்வி வரும். மகன் இருப்பான். திருப்பூரில் இருப்பான். அவனுக்கே அங்கே வாடகை கட்ட முடியாது. அவளோ, நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில், "என் பிள்ளை எனக்குச் சோறு போடுவதில்லை" என்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்த ஒரு பாட்டி, அந்த வரி வந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "அப்படி எழுதாதப்பா, அவன் பேரு கெட்டுடும்." எழுதாமலே எழுந்து போனார். அவருக்கு ஆதரவு இருந்ததா இல்லையா என்பதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? அறுபது அல்லது அறுபத்தைந்து என்று வயதை மட்டும் வைத்து, அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களையும் வருமான வரி கட்டுகிறவர்களையும் உங்கள் கணினியிலேயே கழித்துவிட்டு, மீதிப் பேருக்கெல்லாம் கொடுத்தால் அந்த ஒரு வரியை யாரும் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். முதியோர் உதவித்தொகை 2011இல் 1,000 ரூபாய் ஆனது. அடுத்து 1,200 ஆனது 2023இல். பன்னிரண்டு வருஷம் அதே ஆயிரம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பருப்பு விலை, மாத்திரை விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். ஏன் யாரும் கேட்கவில்லை? அதை வாங்குகிறவர்கள் ஊரிலேயே குரல் மெலிந்தவர்கள். ரேஷன் அரிசியில் நாற்றம் வந்தால் அன்றைக்கே கடை வாசலில் சத்தம் கிளம்பும். ஏனென்றால் அந்த வரிசையில் பஞ்சாயத்து உறுப்பினரின் மனைவியும் நிற்பார். அவர் போடும் சத்தத்தில் பின்னால் நிற்கும் கூலிக்காரப் பெண்ணுக்கும் நல்ல அரிசி கிடைத்துவிடும். ஏழைகள் மட்டும் நிற்கும் வரிசையில் அந்தச் சத்தம் இல்லை. எல்லாருக்குமான திட்டத்தை வீண் செலவு என்று பேசுகிறவர்கள் அந்தச் சத்தத்தின் மதிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொரோனா வந்தபோது இன்னொரு பயன் தெரிந்தது. 2021இல் அரிசி அட்டை வைத்திருந்த 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாகக் கொடுக்கச் சொன்னார்கள். என் பணிக்காலத்தின் கடைசி மாதங்கள் அவை. டோக்கன் கொடுத்து, நாள் பிரித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுத்து முடித்தோம். அவ்வளவு வேகமாக எப்படி முடிந்தது? பட்டியல் முன்பே இருந்தது. யார் ஏழை என்று அந்த வாரத்தில் உட்கார்ந்து தேடியிருந்தால், தேடி முடிப்பதற்குள் அலை அடித்து ஓய்ந்திருக்கும். அட்டையே இல்லாத வடமாநிலத் தொழிலாளிகள் அப்போது பட்ட பாட்டையும் பார்த்தேன். பட்டியலுக்கு வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களே சாட்சி.

இனி மகளிர் உரிமைத் தொகைக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோதே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு கோடிப் பேர் என்றாலே வருஷத்துக்கு 12,000 கோடி. இதை எல்லா அட்டைக்கும் கொடுங்கள் என்று வாய் கூசாமல் கேட்க என்னால் முடியாது. அந்தப் பணம் எங்கேயிருந்தாவது வர வேண்டும். அதனால் வரம்பு வைத்தீர்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட். வருமானச் சான்றும் நில ஆவணமும் தனியாக வாங்கி இணைக்க வேண்டாம் என்று வைத்தது பெரிய விஷயம். அந்தச் சான்றுகளுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலையும் பெண்களை நான் அறிவேன்.

ஆனால் மின்சார வரம்பை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், மாடியில் மாமியார் என்று இருக்கும் வீடுகள் எத்தனை? வீட்டிலேயே தையல் மிஷினை மோட்டாரில் ஓட்டிப் பிழைக்கும் பெண் இருக்கிறாள். மீட்டர் காட்டுவது வீட்டின் மின்சாரத்தை. அவள் கையில் இருக்கும் காசை அது காட்டாது. நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று 2021இல் வந்தபோது இப்படி எந்த வரம்பும் வைக்கவில்லையே. கார் வைத்திருப்பவர் சாதாரணப் பேருந்தில் ஏறப் போவதில்லை. அவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். சில திட்டங்களுக்கு அப்படித் தானாக விலகும் தன்மை உண்டு. ரொக்கத்துக்கு அது கிடையாது, ஆயிரம் ரூபாயை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் ரொக்கத்துக்கு வரம்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். வரம்பு எது என்பதில்தான் என் வேண்டுகோள்.

ரொக்கம் என்றதும் புதுச்சேரி ஞாபகம் வருகிறது. 2015இல் அங்கே அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். பிறகு கடைகளும் மூடிக் கிடந்தன. அரிசியே வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024இல் மறுபடி கடையைத் திறந்து அரிசி கொடுத்தார்கள். கணக்கில் விழும் பணத்துக்குக் கடன்காரன், கணவன் என்று நாலு பேர் காத்திருப்பார்கள். அரிசி நேரே அடுப்புக்குப் போகிறது. பெண்களிடம் கேட்டால் இதைச் சொல்வார்கள். விதி எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்க வேண்டும்.

அதற்காக நான் கேட்பது இவ்வளவுதான். சாப்பாடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேருந்து இவற்றின் வாசலில் எந்தக் கேள்வியும் வேண்டாம். பணம் கொடுக்கும் திட்டங்களில், கழிக்க வேண்டியவர்களை உங்கள் ஆவணங்களை வைத்து நீங்கள் கழியுங்கள்; நிரூபிக்கும் வேலையை ஏழையின் தலையில் வைக்காதீர்கள். யார் பெயர் விடுபட்டது, எந்தக் காரணத்தால் என்பதை அவரவருக்கு வாய்வார்த்தையாகவும் சொல்லுங்கள். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினால் அதைப் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு புதிய வரம்பைக் கொண்டுவருவதற்கு முன், ஒரு மலைக் கிராமத்திலும் ஒரு நகரத்து வார்டிலும் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். அப்புறம் மாநிலம் முழுக்கக் கொண்டுபோங்கள். கொடுக்கும் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறட்டும், அடுத்த பன்னிரண்டு வருஷம் அப்படியே நிற்க வேண்டாம்.

மாதத்தின் முதல் வாரத்தில்தான் எங்கள் கடையில் கூட்டம் அதிகம். காலை ஒன்பது மணிக்கு வரிசை வேப்பமரம் வரை போய்விடும். உங்கள் குழுவில் ஒருவராவது அந்த நேரத்தில் வந்து, பெயரைச் சொல்லாமல், அந்த வரிசையில் கடைசி ஆளாக நின்று பாருங்கள். இப்போது இருக்கும் விற்பனையாளர் நல்ல பெண், நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வாள். நானும் அங்கே மரத்தடியில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
திண்டுக்கல் மாவட்டம்